மருதாத்தாளின் மூன்று நிமிடங்கள்

மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. மாட்டுக்குத் தவிட்டுத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்த மருதாத்தாள் கட்டுத்தரையிலேயே மயங்கி விழுந்தாள். கேரள எல்லையிலுள்ள பெருமாட்டி கிராமத்திலிருந்து காரில் போட்டுக்கொண்டு பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்கள். அங்கே ஸ்ட்ரெச்சரில் கிடத்திய சற்று நேரத்தில் அவள் இதயம் நின்றுபோனது. நெஞ்சை அமுக்கி, ஊசி மேல் ஊசி போட்டு, அதை மறுபடி ஓட வைத்தார்கள். டாக்டர் வியர்த்து வடிய வெளியே வந்து மலையாளத்தில் விவரம் சொன்னார். மூன்று நிமிடம் இதயம் ஓடவில்லை, இப்போது ஓடுகிறது, இனிப் பயமில்லை.

வெளியே நின்று இதைக் கேட்டவர்கள் இரண்டு பேர். ஒருவர் அவள் கணவர் கருப்புசாமி. மற்றவர் அவள் தம்பி ஆனந்தகுமார். இருவரும் சுவரில் சாய்ந்து வாய்விட்டு அழுதார்கள். அழுது முடித்து மூக்கைச் சிந்திய பிறகு ஒருவரையொருவர் பார்த்தார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஒரே யோசனை வந்திருந்தது. ஆஸ்பத்திரி என்பதால் வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

கருப்புசாமி தென்னந்தோப்புக்காரர், மாரியம்மன் கோயில் கமிட்டியில் பதினெட்டு வருடமாக இருக்கிறார். ஆனந்தகுமார் மின்சார போர்டில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் வாசகசாலையின் செயலாளர், யுக்திவாதி. பகுத்தறிவு பேசுகிறவர்களுக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். இருபத்திரண்டு வருடமாக, சாயங்காலம் ஐந்து மணிக்கு, மொய்துவின் டீக்கடையில் இந்த மச்சானும் மாப்பிள்ளையும் கடவுள் உண்டா இல்லையா என்று வழக்காடி வந்தார்கள். கடவுள் இருந்தால் ஆழியாற்றுத் தண்ணீர் ஏன் நேரத்துக்கு வரவில்லை என்பார் ஆனந்தகுமார். தண்ணீர் வராததற்குக் கவர்மெண்டைக் கேள், சாமியை ஏன் கேட்கிறாய் என்பார் கருப்புசாமி. செத்த பிறகு என்ன ஆகிறோம் என்ற இடத்துக்கு வந்ததும் பேச்சு எப்போதும் நின்றுபோகும். போய்விட்டு வந்து சொல்ல ஆள் இல்லை.

இப்போது ஆள் கிடைத்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மருதாத்தாளை வார்டுக்கு மாற்றினார்கள். கருப்புசாமி ஸ்டூலைக் கட்டிலுக்கு அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஆனந்தகுமார் ஜன்னலோரம் நின்று ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"மருதா, ஒண்ணு கேக்கட்டுமா? அசதியா இருந்தா வேண்டாம்."

"கேளுங்க."

"அந்த மூணு நிமிசம், என்ன பாத்தே?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணும் பாக்கலீங்க."

"நல்லா நெனச்சுப் பாரு. வெளிச்சம் கிளிச்சம்?"

"இல்லீங்க."

"ஆரோ பேர் சொல்லிக் கூப்புட்ட மாதிரி?"

"இல்லீங்க. தவிட்டுத் தண்ணியக் கலக்கிட்டு இருந்தேன். அப்பறம் பாத்தா ஒரு நர்ஸுப்புள்ள கன்னத்தத் தட்டுது. நடுவுல ஒண்ணுமே இல்ல."

ஆனந்தகுமார் கையிலிருந்த சுளையை வாயில் போட்டுக்கொண்டார். அது அக்காவுக்காக உரித்தது. "கேட்டுக்கங்க மச்சான். ஒண்ணுமே இல்லையாம். நானாச் சொல்லலை, போயிட்டு வந்தவ சொல்றா."

கருப்புசாமி மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "மூணு நிமிசம் பத்துமா மாப்ள? நம்மூர்ல இருந்து பாலக்காடு வரவே முக்கா மணி நேரம் ஆகுது. எமலோகம் என்ன அதை விடப் பக்கமா? பாதி வழியிலயே திருப்பி அனுப்பிச்சிருப்பாங்க."

"சரி, பாதி வழி. வழியையாச்சும் பாத்திருக்கோணுமில்ல? அக்கா, வழி ஏதாச்சும் பாத்தியா?"

"பாக்கலைடா. ஆரஞ்சை இப்புடிக் குடு."

அன்று சாயங்காலம் மொய்து தன் மனைவி நூர்ஜஹானோடு பேரீச்சம்பழ டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். மச்சானும் மாப்பிள்ளையும் அவரை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய்த் தீர்ப்புக் கேட்டார்கள். மொய்து இருபத்திரண்டு வருடமாக எந்தப் பக்கமும் சாயாமல் டீ ஆற்றியவர்.

"எங்க கணக்குல, மண்ணுல வெச்சு மூடிட்டு ஆளுங்க திரும்பி நடந்த பொறகுதான் விசாரணையே. அக்கா அந்தக் கட்டத்துக்கே போகலை. அதனால இந்தக் கேஸுல நான் ஒண்ணும் சொல்றதுக்கில்லை," என்றார்.

வழக்கு தள்ளிப்போனது. அப்போதுதான் டாக்டர் புதிதாக ஒன்று சொன்னார். இதயம் மறுபடி நின்றுவிடக் கூடாது என்றால் தோளுக்குக் கீழே ஒரு பேஸ்மேக்கர் வைக்க வேண்டும், திங்கட்கிழமை ஆபரேஷன்.

இந்தச் செய்தி ஊருக்குப் போனதும் வார்டில் கூட்டம் கூடியது. மருதாத்தாள் ஒருமுறை போய் வந்தவள், திங்கட்கிழமை மறுபடி போகப்போகிறாள் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது. பார்க்க வந்தவர்கள் ஹார்லிக்ஸோடு ஆளுக்கொரு சேதியும் கொண்டுவந்தார்கள். பக்கத்துத் தோட்டத்து சிவப்பிரகாஷ் அவள் காதருகே குனிந்து, "எங்கப்பாவைப் பாத்தா, வடக்கு மூலை வேலிக்கல்லை அவர் எங்க நட்டாருன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க சின்னம்மா. சர்வேக்காரன் ஒத்துக்க மாட்டேங்கறான்," என்றான். மருதாத்தாள் தோட்டத்தில் வேலை செய்யும் கிறிஸ்தவப் பெண் பிலோமி, செத்துப்போன தன் மாமியாருக்குச் சேதி வைத்திருந்தாள்.

"அந்த வெள்ளாட்டை நான் விக்கலை, அதுவாத்தான் செத்துச்சுன்னு சொல்லுங்கக்கா. சாகற வரைக்கும் நம்பாமயே போச்சு அந்தக் கெழவி."

"உங்களவங்களுக்கு வேற எடமில்ல பிலோமி?"

"வேற எடந்தான். வழியில கண்டாச் சொல்லுங்க."

மருதாத்தாளுக்குச் சிரிப்பாக வந்தது. அவர்கள் போன பிறகு திங்கட்கிழமைக்கு எத்தனை நாள் என்று விரல் விட்டு எண்ணினாள்.

சனிக்கிழமை ஆனந்தகுமார் ஒரு திட்டத்தோடு வந்தார். உயிர் உடம்பை விட்டு மேலே போய்க் கூரையிலிருந்து கீழே பார்க்கும் என்றுதானே மச்சான் சொல்கிறார்? ஆனந்தகுமார் ஒரு காகிதத்தில் சில வார்த்தைகள் எழுதுவார். என்ன எழுதினார் என்று வேறு யாருக்கும் தெரியாது. ஆஸ்பத்திரி எலெக்ட்ரீஷியன் பழைய சிநேகிதன். அவன் அந்தக் காகிதத்தை ஆபரேஷன் நடக்கும் அறையில் அலமாரியின் உச்சியில் விரித்து வைத்துவிடுவான். கீழே நிற்கிறவர்கள் கண்ணுக்கு அது படாது. மேலே மிதக்கிற உயிர் மட்டுமே படிக்கலாம்.

"அக்கா அதைப் படிச்சுட்டு வந்து சொன்னா, வெள்ளிக்கெழமை நெத்தி நெறைய திருநீறு பூசிட்டு மாரியம்மனுக்கு நானே தேங்கா உடைக்கறேன். படிக்கலைன்னா எங்க யுக்திவாதிக் கூட்டத்துல நீங்க முன்வரிசையில உக்காந்து கை தட்டோணும்."

"ஒத்துக்கறேன்," என்றார் கருப்புசாமி. பிறகு மனைவி பக்கம் திரும்பி, அன்போடுதான் சொன்னார்: "மருதா, போன தடவை மாதிரி அசால்ட்டா இருந்துராதே. இந்தத் தடவை நல்லா கவனிச்சுப் பாரு. மொதல்ல அலமாரி, பொறகுதான் மத்ததெல்லாம்."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மருதாத்தாளால் தாங்க முடியவில்லை. கொண்டுவந்த கஞ்சியைத் தள்ளி வைத்தாள்.

"ஏனுங்க, உங்களைத்தான். டேய் ஆனந்தா, நீயும் கேளு. நாளைக்கு எனக்கு மிசின் வெக்கறாங்க. பொழைக்கறதுக்கு வெக்கறாங்க. நீங்க ரெண்டு பேரும் நான் சாகறதுக்குக் காயிதம் எழுதி வெச்சிருக்கீங்க. ஒருத்தராச்சும் பயமா இருக்குதான்னு கேட்டீங்களா?"

வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கருப்புசாமி துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஆனந்தகுமார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்தான் முதலில் பேசினார்.

"அங்க ஒண்ணுமே இல்லைன்னுதானேக்கா நான் சொல்லிட்டிருக்கேன். ஒண்ணுமில்லாத எடத்துக்கு எதுக்குப் போறே? பேசாம இங்கயே இரு."

"அங்க எல்லாமே இருக்குது," என்றார் கருப்புசாமி. "இருக்கட்டும். அது எங்க போகப்போகுது? நீ இப்பப் போக வேண்டாம்."

இருபத்திரண்டு வருடத்தில் இரண்டு பேரும் ஒரே விஷயத்தைச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னவர்களுக்கு அது தெரியவில்லை. மருதாத்தாளுக்குத் தெரிந்தது. கஞ்சியை இழுத்து வைத்துக் குடித்தாள். ஆனந்தகுமார் காகிதத்தைத் திரும்ப வாங்கிவிடலாம் என்று எலெக்ட்ரீஷியனுக்கு ஃபோன் செய்தார். அவன் அதைச் சனிக்கிழமையே வைத்துவிட்டு, ஒரு கல்யாணத்துக்காகக் கொல்லங்கோடு போயிருந்தான்.

திங்கட்கிழமை மருதாத்தாள் மாரியம்மனையும் நினைத்துக்கொண்டாள், மாட்டையும் நினைத்துக்கொண்டாள். அறையில் ஐஸ்பெட்டி போலக் குளிர். மயக்க மருந்துக்காகக் கண்ணை இறுக மூடிக் காத்திருந்தாள். டாக்டர் தோளுக்குக் கீழே ஓர் ஊசி போட்டார். அந்த இடம் மரத்துப்போனது. அவ்வளவுதான்.

"தூங்க வெக்க மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

வேண்டியதில்லை, இதற்கு இவ்வளவுதான், பேசிக்கொண்டே இருக்கலாம் என்றார் டாக்டர். கேட்டிருந்தால் இதை அவர் முன்பே சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் வேறு கேள்விகளில் இருந்தார்கள்.

அவள் டாக்டருக்குத் தன் மாடு எத்தனை லிட்டர் கறக்கும், பால் சொசைட்டியில் யார் அளக்கிறார்கள் என்றெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பாதி வேலை நடக்கும்போது ஏசிக் காற்றில் அலமாரி உச்சியிலிருந்து ஒரு காகிதம் மிதந்து வந்து தரையில் விழுந்தது. தலைமாட்டில் நின்ற நர்ஸ் அதை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. மருதாத்தாளின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"இது எந்தா அம்மே? மந்த்ரமோ?"

தம்பியின் கோணல்மாணலான கையெழுத்து. 'மச்சான் தோத்துட்டார்' என்று எழுதியிருந்தது. மருதாத்தாளுக்கு வந்த சிரிப்பில் உடம்பு குலுங்கியது.

"அம்மே, சிரிக்கல்லே," என்று கெஞ்சினார் டாக்டர், கையிலிருந்த பேஸ்மேக்கர் கம்பியை அசையாமல் பிடித்தபடி.

"மந்திரந்தான் புள்ள. ஆனாப் பலிக்காது," என்றாள் மருதாத்தாள்.

அடுத்த திங்கட்கிழமை வீட்டுக்கு வந்த அன்று இரண்டு ஆண்களும் அவளைத் தரையில் கால் வைக்க விடவில்லை. கருப்புசாமி ரசம் வைத்தார்; உப்புப் போட மறந்திருந்தார். ஆஸ்பத்திரியில் வாங்கிய வசவு காதில் இருந்ததால் யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலை பத்து மணி வரை தாங்கினார்கள். பிறகு கருப்புசாமி வெற்றிலையை மடித்துக்கொண்டே, எங்கோ பார்த்தபடி, "இந்தத் தடவை ஏதாச்சும்..." என்று இழுத்தார். ஆனந்தகுமார் பேப்பர் படிப்பதை நிறுத்தினார்.

நடந்ததைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். ஆனால் அந்த இரண்டு முகங்களையும் பார்த்ததும் மனது மாறிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒரு காயிதம் தெரிஞ்சுதுங்க."

ஆனந்தகுமார் பேப்பரைக் கீழே வைத்தார்.

"அதுல, மச்சான் தோத்துட்டார்னு எழுதியிருந்துச்சு."

கருப்புசாமி மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளையின் முகம் கரண்ட் போன வீடு மாதிரி ஆகியிருந்தது. அதிலிருந்தே விடை தெரிந்தது. கருப்புசாமி இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். கும்பிட்ட கையை அப்படியே நிறுத்தினார்.

"தோத்துட்டேன்னா எழுதுனே?"

ஆனந்தகுமார் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கச் சேதி பரவியது. கருப்புசாமி தோப்பு முழுக்கச் சுற்றி நல்ல காயாக ஒன்று தேர்ந்தெடுத்து, வெள்ளிக்கிழமைக்காக மட்டை உரித்துத் தயாராக வைத்தார். சிவப்பிரகாஷ் வேலிக்கல் என்ன ஆயிற்று என்று வந்து நின்றான். கூட்டமாக இருந்தது, உங்கப்பாவைப் பார்க்க முடியவில்லை என்று மருதாத்தாள் சமாளித்து அனுப்பினாள். சாயங்காலம் ஆனந்தகுமார் டீக்கடைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. எதிரில் ஆள் இல்லாமல் கருப்புசாமி இரண்டு டீ குடித்துவிட்டு இருட்டுவதற்கு முன்பே வீடு திரும்பினார். ஜெயித்தவர் மாதிரி இல்லை.

வியாழக்கிழமை காலை, கருப்புசாமி தோப்புக்குப் போயிருந்த நேரம், ஆனந்தகுமார் வந்தார். சவரம் செய்யாத முகம். கட்டில் அருகே உட்காராமல் நின்றார்.

"அக்கா, நீ மேல போனப்ப... அம்மாவைப் பாத்தியா?"

மருதாத்தாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அம்மா செத்தப்ப நான் கொள்ளி வெக்க மாட்டேன்னுட்டேன். வாய்க்கரிசி கூடப் போடலை. எனக்கு நம்பிக்கை இல்லாததை எப்புடிச் செய்யறதுன்னு நின்னுட்டேன். மச்சான்தான் மொட்டை போட்டு எல்லாம் செஞ்சாரு. பத்தொம்பது வருசம் ஆச்சு. செத்தவளுக்கு என்ன தெரியப்போகுதுன்னு இருந்தேன். இப்ப நீ அந்தக் காயிதத்தைப் படிச்சுட்டே. அப்ப, அவ அங்கதான இருக்கோணும்? பாத்துட்டுத்தான இருந்திருப்பா?" அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். "ரெண்டு நாளாத் தூக்கமே இல்லக்கா. கோவமா இருக்காளா?"

மருதாத்தாளுக்குத் தன் விளையாட்டு எங்கே போய்த் தைத்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது. கையைப் பிடித்து அவரைக் கட்டிலில் உட்கார வைத்தாள். மரத்துப்போகிற ஊசி, ஏசிக் காற்று, தமிழ் தெரியாத நர்ஸ் என்று ஒன்று விடாமல் சொன்னாள்.

ஆனந்தகுமார் அவளை வெறித்துப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து கண்ணில் நீர் வழியும் வரை சிரித்தார்.

"ரெண்டு நாள்க்கா. முழுசா ரெண்டு நாள்."

"எம்பட தப்புதான்டா."

சிரிப்பு அடங்கியதும் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப அம்மா இல்லை," என்றார் மெதுவாக. கேள்வியா, பதிலா என்று தெரியவில்லை.

"இல்லைன்னு நான் சொல்லலை. நான் பாக்கலை. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." அவர் கையை விடாமல் சொன்னாள்: "ஆனா அம்மாவை எனக்குத் தெரியும். கொள்ளி வெக்காததுக்கு ஒரு நாள் திட்டியிருப்பா. மறுநாள் நீ சாப்புட்டியான்னு கேட்டிருப்பா."

அவர் தலையை ஆட்டினார். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பிறகு, "மச்சான்கிட்டச் சொல்ல வேண்டாம். பாவம், சந்தோசமா இருக்காரு," என்றார்.

"அதெல்லாம் முடியாது. உன்னைப் பாடாப் படுத்தியாச்சு. அவரை மட்டும் எதுக்கு ஏமாத்தோணும்?"

மத்தியானம் சாப்பாட்டு வேளையில் மருதாத்தாள் கணவரிடமும் எல்லாவற்றையும் சொன்னாள். ஆனந்தகுமார் தட்டைப் பார்த்துக் குனிந்திருந்தார். கருப்புசாமி மோர் சோற்றைப் பிசைவதை நிறுத்தாமல் முழுதும் கேட்டார். முகம் வாடவில்லை. கடைசியில் ஒன்று கேட்டார்.

"காயிதம் எதுக்கு அன்னைக்குப் பாத்து உழுந்துச்சு?"

"ஏசிக் காத்து மச்சான்," என்றார் ஆனந்தகுமார்.

"ஏசிக்குக் கரண்ட் ஆரு குடுத்தா?"

"போர்டு. நான் வேலை பாத்த போர்டு."

"போர்டுக்குக் கரண்ட் எங்கிருந்து வருது?"

"இடுக்கி டேம்ல இருந்து."

"டேமுக்குத் தண்ணி?"

"மழை."

"மழையை ஆரு பெய்ய வெக்கறா மாப்ள?"

ஆனந்தகுமார் தட்டைத் தள்ளி வைத்தார். "தென்மேற்குப் பருவக்காத்து பெய்ய வெக்குது. உங்ககிட்ட இனி மனுசன் பேசுவானா?"

"அப்ப அந்த நர்ஸுப்புள்ளைக்கு நம்ம எழுத்து தெரியாமப் பாத்துக்கிட்டது ஆரு? தெரிஞ்சிருந்தா இவகிட்டக் காட்டியிருப்பாளா?"

"கேரளா பாடத்திட்டம் மச்சான்."

மருதாத்தாள் மறுசோறு கேட்டாள். இரண்டு பேர் காதிலும் விழவில்லை. அவளே எழுந்து போய்ப் போட்டுக்கொண்டாள். வெள்ளிக்கிழமைக்காக உரித்து வைத்திருந்த தேங்காயைப் பிலோமி சாயங்காலம் உடைத்துச் சட்னி அரைத்தாள். அன்று ஐந்து மணிக்கு மொய்து வழக்கம் போல இரண்டு டீ எடுத்து வைத்தார். இரண்டையும் குடிக்க ஆள் வந்திருந்தது.

மூன்று வாரம் கழித்துக் கொஞ்ச தூரம் நடக்கலாம் என்று டாக்டர் சொன்னார். மருதாத்தாள் நடந்து மொய்து கடை வரை போனாள். உள் பெஞ்சில் மாட்டுக்கு ஆத்மா உண்டா என்ற வழக்கு நடந்துகொண்டிருந்தது. அவள் வெளியே, நிழலில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். நூர்ஜஹான் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தோளுக்குக் கீழே மேடாக இருந்த தழும்பைப் பார்த்தாள். பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள்.

"அக்கா, அந்த மூணு நிமிசம் வலிச்சுதா?"

மருதாத்தாள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் வந்து நின்ற அத்தனை பேரில் இதை யாரும் கேட்கவில்லை.

"இல்ல நூர்ஜஹான். வலியும் இல்ல, பயமும் இல்ல. பயப்படறதுக்கு நான் அங்க இருந்தாத்தானே?"

நூர்ஜஹான் புடவைத் தலைப்பை விரலில் சுற்றி அவிழ்த்தாள். "எங்கம்மா போன ரம்ஜான்ல ஆஸ்பத்திரியில தனியாத்தான் இருந்துச்சு. நான் போய்ச் சேரறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அதுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும், இல்லக்கா?"

"இப்படித்தான் இருந்திருக்கும்," என்றாள் மருதாத்தாள். இதில் அவள் பொய் சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

நூர்ஜஹான் உள்ளே போய் இரண்டு டீயோடு வந்தாள். தனக்கொன்று எடுத்துக்கொண்டாள்.

உள்ளிருந்து கருப்புசாமியின் குரல் வந்தது. "மருதா, இங்க வந்து நீயே சொல்லு. நம்ம மாடு உன்னைத் தேடுச்சா இல்லையா?"

"ஏனுங்க, நான் டீ குடிச்சிட்டு இருக்கறேன்," என்றாள் மருதாத்தாள்.